பெல்பர் வடக்கு ஆலை: எரிந்த இடத்தில் எழுந்த இரும்புக் கட்டடம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள ஊர் பெல்பர். அங்கே ஸ்ட்ரட் குடும்பத்தார் 1786இல் கட்டிய வடக்கு ஆலை 1803 ஜனவரியில் எரிந்துபோனது.

அந்தக் காலத்துப் பஞ்சாலையில் உத்தரமும் மரம், தளமும் மரம். எந்திரத்துக்கு விட்ட எண்ணெய் சொட்டிச் சொட்டிப் பலகையில் ஊறியிருக்கும். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. இருட்டிவிட்டால் விளக்கை ஏற்றித்தான் வேலை. ஒரு தளத்தில் தீ பற்றினால் பலகை இடுக்கு வழியே மேல் தளத்துக்கும் ஏறிவிடும்.

அந்தக் குடும்பத்து வில்லியம் ஸ்ட்ரட் 1793இலேயே டெர்பி ஆலையில் வார்ப்பிரும்புத் தூண்களை, அதாவது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த தூண்களை, நிறுத்தியவர். ஆனால் உத்தரம் மரமாகவே இருந்தது. அதன் மேல் சாந்து பூசிக் காப்பாற்றப் பார்த்தார். ஷ்ரூஸ்பரியில் சார்லஸ் பேஜ் 1797இல் முடித்த ஆலையில்தான் உத்தரமும் இரும்பானது. ஸ்ட்ரட் 1804இல் அந்த முறையில் எழுப்பிய வடக்கு ஆலை இன்றும் நிற்கிறது.

உள்ளே அண்ணாந்து பார்த்தால் விஷயம் புரியும். உத்தரத்துக்கு உத்தரம் சுமார் 9 அடி. நடுவே செங்கல் வளைவு. வளைவின் மேல் குழியை நிரப்பிச் சமமாக்கி, அதன்மேல் செங்கல் பாவியிருக்கிறார்கள். நம் பழைய ரயில் நிலையங்களில் இதே மாதிரிக் கூரையைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளும். நடுவில் உள்ள வளைவுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கடைசி வளைவு சுவரைத் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் தேனிரும்புக் (அடித்து உருவாக்கும் இரும்பு) கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். என் பார்வையில் இந்தக் கட்டடத்தின் உயிர்நாடி அந்தக் கம்பிதான். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் முன்னறிவிப்பில்லாமல் முறியும். தேனிரும்போ முதலில் நீண்டு கொடுக்கும்.

உத்தரத்தில்தான் வம்பு. பாரத்தில் அது வளையும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே இருப்பதோ வார்ப்பிரும்பு. ஓல்டாமில் 1844இல் ஓர் ஆலை இடிந்து பலர் இறந்தது உத்தரம் முறிந்துதான்.

ஆலைக்கு விசை கொடுத்தது ஆறு. குதிரை லாட வடிவத்தில் கட்டிய அணை நீரைத் தேக்கித் தரும். 18 அடி விட்டமும் 23 அடி அகலமும் உள்ள நீர்ச்சக்கரம் சுழலும். வெள்ளம் வந்தால் விசை கூடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. சக்கரத்துக்குக் கீழே வெளியேறும் நீரும் உயர்ந்து, அடிப்பலகைகள் தேங்கிய நீரில் மூழ்கி உழலும். நீர் விழும் உயரம் குறையக் குறைய விசையும் குறையும். வெள்ளம் மிஞ்சினால் சக்கரமே நின்றுவிடும்.