உயிரோடு இருந்த மனைவிக்கு இரங்கல் கவிதை! ஹைக்கூ செய்யும் வேலை

வணக்கம்! ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் சீப்பை மிதித்துவிட்டதாக ஒரு ஹைக்கூ எழுதினார். படித்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அவர் அதை எழுதியபோது அந்த அம்மா உயிரோடுதான் இருந்தார். கவிஞர் இறந்த பிறகும் பல வருடங்கள் வாழ்ந்தார்!

அந்தக் கவிஞர் யோசா புசோன். 18ஆம் நூற்றாண்டு ஜப்பான்காரர், பெரிய ஓவியரும்கூட. அவரிடம் அப்புறம் வருவோம்.

ஹைக்கூவின் இலக்கணத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். 5-7-5 என்று 17 ஒலிகள், எந்தப் பருவகாலம் என்று காட்டும் ஒரு பருவச் சொல், கவிதையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

ஹைக்கூவில் உவமையே கிடையாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. 16ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர் மோரிடாகேயின் பெயரில் வழங்கும் கவிதையைப் பாருங்கள்.

(திரையில்)
உதிர்ந்த பூ
கிளைக்குத் திரும்புகிறதே என்று பார்த்தால்
வண்ணத்துப்பூச்சி!

அப்பட்டமான உருவகம். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டு, பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தைப் பற்றிய தன்னுடைய கவிதையை விளக்கும்போது இந்தப் பூவைத்தான் எடுத்துக்காட்டினார். எனக்கென்னவோ இதில் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தூக்கல். ஒரு தடவை ரசித்தால் தீர்ந்துவிடுகிறது.

1680 வாக்கில், ஹைக்கூவின் பெரிய ஆசான் பாஷோ வேறு மாதிரி செய்தார்.

(திரையில்)
பட்ட கிளையில்
காகம் ஒன்று அமர்ந்திருக்கிறது
இலையுதிர்கால அந்தி

காகம் அந்தியைப் போல இருக்கிறது என்று எங்கேயும் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். காகத்தின் கறுப்பு மெல்ல வானத்தில் ஏறுவதும், அந்தி கிளையில் இறங்கி உட்காருவதும் நம் தலைக்குள் நடக்கிற வேலை. இதில் எது உவமை, எது பொருள்? முடிந்தால் பிரித்துக் காட்டுங்கள்!

சரி, சீப்புக்கு வருவோம்.

(திரையில்)
உடம்பில் ஊடுருவும் குளிர்
படுக்கையறையில் மிதிபடுகிறது
இறந்த மனைவியின் சீப்பு

முதல் வரி இலையுதிர்காலத்துக்கான வழக்கமான பருவச் சொல். அது ஊரே அறிந்த குளிர். அதோடு சீப்பை வைத்ததும் பாருங்கள், குளிர் உள்ளங்காலில் குத்துகிறது. வெறுங்கால், சீப்பின் பற்கள், தரையின் சில்லிப்பு. துக்கம் என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை, 'போல' இல்லவே இல்லை. சீப்பு வெறும் சீப்பாகவே கிடக்கிறது. அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

அப்படியானால் புசோன் பொய் சொன்னாரா? நான் அப்படி நினைக்கவில்லை. ஹைக்கூ என்றால் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவது என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் ஓவியர், காட்சியைக் கட்டி எழுப்பினார். வீட்டில் அந்த அம்மா இதைப் படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் என் கவலை!

நம் பாரதியாரும் 1916லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். அதற்குத் தனி வீடியோ போடலாம்.

இப்போது உங்கள் முறை. கமெண்டில் ஒரு ஹைக்கூ எழுதுங்கள். 'போல' வரக்கூடாது, கையால் தொடக்கூடிய ஒரு பொருள் கட்டாயம் இருக்க வேண்டும். நல்லதாக ஒன்றை கமெண்டுகளின் உச்சியில் 'பின்' பண்ணி வைக்கிறேன். 'என் இதயம்' என்று ஆரம்பித்தால் மட்டும், மன்னிக்கவும், வாய்ப்பே இல்லை.