பழைய லெப்டொப்பில் போன் அப் ஓடுமா? லினக்ஸ் போட்டால் ஓடும்!

இந்தத் திரையைப் பாருங்கள். ஓடுவது அன்ட்ரொய்ட் அப், பக்கத்தில் போன் இல்லை, இது எமுலேட்டரும் இல்லை!

வணக்கம் உறவுகளே. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 ஏறாத லெப்டொப்பை மூலையில் போடாதீர்கள், வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்றால் உடனே வருகிற கேள்வி, "அண்ணா, போன் அப் ஓடுமா?" வின்டோஸ் 11இல் இருந்த அன்ட்ரொய்ட் வசதியை மைக்ரோசொப்ட்டே 2025 மார்ச்சில் மூடிவிட்டது. லினக்ஸில் அன்ட்ரொய்ட் அப்களை ஓட்டுகிற வேட்ரொய்ட் என்கிற மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. நம்ம மட்டக்களப்புப் பக்கம் மகளுக்குக் கல்யாணம் என்றால் அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிக் கொடுப்பார்கள் இல்லையா? அடுப்பு வேறு, வாசல் வேறு, ஆனால் கிணறு ஒன்றுதான். அன்ட்ரொய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கேர்னல் என்கிற மையப் பகுதிதான், லினக்ஸின் ஒரு வகையான உங்கள் உபுண்டுவுக்கு அடியில் இருப்பதும் அதேதான். எமுலேட்டர் ஒரு முழுப் போனையே பொய்யாக உருவாக்கி, அதற்கென்று இன்னொரு கிணறு தோண்டுகிறது, அதனால்தான் ரேம் குறைந்த லெப்டொப் மூச்சுத் திணறுகிறது. வேட்ரொய்ட் கொண்டெய்னர் என்கிற தனி வீட்டுக்குள் லினியேஜ் ஓஎஸ் என்கிற அன்ட்ரொய்ட் வகையை வைத்துவிட்டு, தண்ணீரை உங்கள் கிணற்றிலேயே அள்ளிக்கொள்கிறது. எவ்வளவு அழகான யோசனை!

இன்ஸ்டோல் செய்யும் முறை வேட்ரொய்டின் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது, அதை நான் வாசித்துக் காட்டத் தேவையில்லை. ஆனால் ஒன்று, இது வேலண்டில்தான் ஓடும். லினக்ஸில் திரையைக் காட்டும் இரண்டு முறைகளில் ஒன்று அது, மற்றது எக்ஸ்ஓர்க். உபுண்டு 24.04இல் பாஸ்வேர்ட் அடிக்கிற திரையில் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும், அதை அமத்தி, எக்ஸ்ஓர்க் இல்லாத தெரிவை எடுங்கள். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் முதலிலேயே கூகுள் சேவைகள் சேர்ந்த அன்ட்ரொய்ட் இமேஜைத் (கோப்புத் தொகுப்பை) தெரிவு செய்யுங்கள், அப்புறம் "இந்தச் சாதனம் சான்றளிக்கப்படவில்லை" என்று ஒரு அறிவிப்பு வரும், பயப்பட வேண்டாம், சாதன இலக்கத்தைக் கூகுளின் பக்கத்தில் பதிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், சரியாகிவிடும்.

சரி, ஓடாதவையும் உண்டு. பல வங்கி அப்கள் இது உண்மையான போன் இல்லை என்று கண்டுபிடித்து நின்றுவிடும், அவை போனிலேயே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பும். போன்களில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு மட்டும் எழுதிய கேம்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பு லைப்ரரி தனியாகப் போடவேண்டும். என்விடியா கிராபிக்ஸ் கார்ட் மட்டும் உள்ளவர்களுக்குப் படம் இழுத்து இழுத்துத்தான் வரும்.

இதெல்லாம் பெரிய வேலை என்று நினைப்பவர்கள் எஸ்சிஆர்சிபிவை (scrcpy) என்கிற மென்பொருளை எடுங்கள். போனில் யூஎஸ்பி டிபகிங்கை (போனைக் கணினி கட்டுப்படுத்த அனுமதிக்கும் அமைப்பை) போட்டு, கேபிளைச் செருகி, லெப்டொப்பில் அந்த மென்பொருளைத் திறந்தால் போதும், போன் திரை அப்படியே லெப்டொப்பில் வரும், அப் ஓடுவது போனில், மவுஸும் கீபோர்டும் உங்கள் கையில்.

போட்டுப் பார்த்துவிட்டு, எந்த அப் ஓடியது, எது அடம்பிடித்தது என்று லெப்டொப் மொடலோடு கீழே எழுதுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இதே மொடல் வைத்திருக்கிற இன்னொருவருக்கு அது உதவும்.