5/5 பெருசா, 2/2 பெருசா? கிரியேச்சர் கார்டை எடை போடுறது எப்படி | சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அதனால மத்ததை அடுத்த தடவை பாத்துக்கலாம். ஒரு நேயர் கேக்குறார்: "மேஜிக் த கேதரிங்ல பேன்ஸ்லேயர் ஏஞ்சலும் 5 மனா, மல்டிரிஃப்டரும் 5 மனா. அது 5/5, இது 2/2. ரெண்டையும் எப்படி சரிக்குச் சமமா வெச்சுப் பேசுறீங்க?"

நியாயமான கேள்விதான். கார்டு கேமுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: மனாங்குறது கார்டை இறக்க ஆகுற செலவு, அது லேண்ட் கார்டுல இருந்து வரும். 5/5ன்னா அந்தக் கிரியேச்சர் 5 அடி அடிக்கும், 5 அடி வாங்கினா செத்துடும். பேன்ஸ்லேயர்ல என்னதான் இல்ல? ஃபிளையிங் (பறக்குறதுனால சாதாரண கிரியேச்சர் தடுக்க முடியாது), ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (முதல்ல அடிக்கும்), லைஃப்லிங்க் (அடிக்கிற அளவுக்கு நமக்கு லைஃப் ஏறும்), போதாக்குறைக்கு டீமன்கிட்ட இருந்தும் டிராகன்கிட்ட இருந்தும் புரொடெக்‌ஷன் வேற. மல்டிரிஃப்டரும் பறக்கும், ஆனா 2/2. களத்துக்கு உள்ள வரும்போது 2 கார்டு எடுத்துக் குடுக்கும், அவ்வளவுதான்.

நம்ம வீடியோ தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு தெரியும். கார்டோட கீழ் மூலைல இருக்குற நம்பரைக் கடைசியா பாருங்க. முதல்ல கேக்க வேண்டியது: இது இறங்கின உடனே செத்தா எனக்கு என்ன மிச்சம்?

ஏன் இதை முதல்ல கேக்கணும்? ஹேஸ்ட் (வந்த உடனே அட்டாக் பண்ற திறன்) இல்லாத கிரியேச்சர் இறங்கின டர்ன்லயே அட்டாக் பண்ண முடியாது. அது முதல் அடி அடிக்கிறதுக்குள்ள எதிராளிக்கு ஒரு முழு டர்ன் கிடைச்சிடுது. 2009ல வந்த மேஜிக் 2010 செட்லதான் பேன்ஸ்லேயர் மித்திக்கா (ரொம்ப அரிதான கார்டா) வந்துச்சு. அதே செட்ல காமனா (சுலபமா கிடைக்கிற கார்டா) வந்தது டூம் பிளேட். 2 மனா, கருப்பு இல்லாத கிரியேச்சர் எதுவா இருந்தாலும் காலி. நீங்க 5 மனாவையும் கொட்டி ஏஞ்சலை இறக்குறீங்க. அவர் தன்னோட டர்ன்ல 2 மனாவுக்கு அதை அடிச்சிட்டு, மிச்சம் 3 மனாவுக்குச் சொந்தமா ஒரு கிரியேச்சரும் போட்டுடுறார். கார்டு கணக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. மனாவுல 3 நஷ்டம், போர்டுலயும் (களத்துல இருக்குற கார்டுகள்லயும்) நீங்க பின்னாடி.

அதே டூம் பிளேடை மல்டிரிஃப்டர் மேல போடட்டும். மிச்சம் என்ன? கையில 2 கார்டு. அதனால நிறைய பேர் அதுமேல ரிமூவலை (டூம் பிளேட் மாதிரி கிரியேச்சரை அழிக்கிற கார்டை) வீணாக்கவே யோசிப்பாங்க.

இங்க வார்த்தையை நிதானமா படிக்கணும். "உள்ள வரும்போது"ன்னு இருந்தா, கவுண்டர் பண்ணிட்டா (களத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ரத்து பண்ணிட்டா) ஒண்ணுமே கிடைக்காது. மல்டிரிஃப்டரை கேன்சல்ங்குற கவுண்டர் கார்டைப் போட்டு நிறுத்திட்டா 2 கார்டும் போச்சு. "காஸ்ட் பண்ணும்போது", அதாவது மனா குடுத்து ஆடும்போதேன்னு இருந்தா கவுண்டர் ஆனாலும் பலன் உண்டு. 10 மனா உலமாக், த சீஸ்லெஸ் ஹங்கர் அந்த ரகம். அதைக் கவுண்டர் பண்ணாலும் 2 பெர்மனன்ட் (களத்துல இருக்குற கார்டு) எக்ஸைல் ஆயிடும், அதாவது ஆட்டத்தை விட்டே போயிடும். "அட்டாக் பண்ணும்போது"ங்குறதுதான் இருக்குறதுலயே பலவீனம், ஏன்னா அது வேலை செய்யணும்னா கிரியேச்சர் ஒரு டர்ன் உயிரோட இருக்கணும். பிரைமீவல் டைட்டன்ல "உள்ள வரும்போதும், அட்டாக் பண்ணும்போதும்"னு ரெண்டுமே இருக்கு. 6/6 உடம்பை மறந்துட்டு ஒவ்வொரு தடவையும் டெக்குல இருந்து அது எடுத்துக் குடுக்குற 2 லேண்டுக்காகவே அதை ஆடினாங்க.

அப்போ பேன்ஸ்லேயர் மட்டமா? அய்யோ, அப்படி எடுத்துக்காதீங்க. ரெண்டு பக்கமும் போர்டு அடைச்சுக்கிட்டு யாரும் அட்டாக் பண்ண முடியாம நிக்குற நேரம் பாருங்க. மல்டிரிஃப்டர் மட்டும் அடிச்சா எதிராளியோட 20 லைஃபை முடிக்க 10 அடி வேணும். ஏஞ்சலுக்கு 4 அடி போதும். ஒவ்வொரு அடியிலயும் எதிராளிக்கு 5 குறையுது, உங்களுக்கு 5 ஏறுது, வித்தியாசம் 10. தோத்துக்கிட்டு இருக்கும்போதும் பிளாக்குக்கு (தடுக்க) நிக்கும்: ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இல்லாத 5 டஃப்னஸ் (அடி தாங்குற சக்தி) வரைக்குமான எதிரி, திருப்பி அடிக்கிறதுக்குள்ள செத்துடும். டிராஃப்ட்ல (பாக்கெட்டைப் பிரிச்சு அங்கேயே டெக் கட்டி ஆடுறது) எதிராளி டெக்குல ரிமூவல் கொஞ்சம்தான் இருக்கும், அங்க ஏஞ்சலைக் கண்ணை மூடிட்டு எடுக்கலாம். ரிமூவல் நிறைஞ்ச கன்ஸ்ட்ரக்டட் (சொந்த கார்டுல முன்கூட்டியே டெக் கட்டிட்டு வர்ற) ஆட்டத்துலதான் "செத்தா என்ன மிச்சம்"ங்குற கேள்வி கடிக்கும்.

உண்மையில எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி வேற. "என் டெக்குல 5 மனா கார்டு எத்தனை வைக்கலாம்?" இதை யாரும் கேக்க மாட்டேங்குறீங்க! டிராஃப்ட்ல வழக்கமான 40 கார்டு டெக்குல 17 லேண்ட். முதல்ல ஆடுறவர் 5வது டர்ன்ல பாத்திருக்குறது 11 கார்டு, அதுல சராசரியா 4.7 லேண்ட். ரெண்டாவதா ஆடுறவருக்கு 12 கார்டு, 5.1. அதாவது 5வது லேண்ட் நேரத்துக்கு வராத ஆட்டம் ஏராளம். கையில 3 ஏஞ்சல் மாதிரி கார்டு சும்மா உக்காந்திருந்தா, அது 5/5ஆ இருந்து என்ன பிரயோஜனம்? 3 அல்லது 4ஓட நிறுத்துங்க. அதுக்கு மேல ஒரு ஏஞ்சல் கிடைச்சா எடுங்க, ஆனா ஏற்கெனவே இருக்குற 5 மனால மட்டமான ஒண்ணை வெளிய தூக்குங்க. ஏஞ்சலுக்கு ரெண்டு வெள்ளை மனா வேணும்ங்குறதையும் லேண்ட் பிரிக்கும்போது பாத்துக்கோங்க.

மல்டிரிஃப்டரை இந்தக் கணக்குல முழு 5ஆ சேக்காதீங்க. அதுல இவோக் இருக்கு: 3 மனா குடுத்தா உள்ள வந்து 2 கார்டு எடுத்துக் குடுத்துட்டு சாக்ரிஃபைஸ் ஆயிடும். 3 லேண்டுல மாட்டிக்கிட்டா அப்படி ஆடி அடுத்த லேண்டைத் தேடுங்க.