தமிழில் ஒரு மின்னிலக்கப் பாதுகாப்புப் பட்டறை: வருகைப் பதிவேட்டிலிருந்தே தொடங்குங்கள்

வணக்கம். இன்று விளக்கம் சொல்ல எடுத்துக்கொண்ட கேள்வி சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா எழுதி அனுப்பியது. தம் புளோக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், பக்கத்து விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் சிலரும் கலந்துகொள்ளும் வகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசிப் பாதுகாப்பு, தனிப்பட்ட தகவல், இணைய உரிமைகள் ஆகியவற்றைத் தமிழிலேயே கற்றுத்தரும் சிறிய நிகழ்ச்சியை நடத்த எண்ணியிருப்பதாக அவர் எழுதியிருக்கிறார். முப்பது பேர் வரக்கூடுமாம். எதைச் சொல்லிக்கொடுப்பது, யார் சொல்லிக்கொடுப்பது, எவ்வளவு நேரம் நடத்துவது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அம்மா, இந்த மூன்றுக்கும் முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். வாசலில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு பதிவேட்டை வைத்து, வருகிறவர்கள் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை வரிசையாக எழுதச் சொல்வது நம்மிடையே பழகிப்போன வழக்கம். பத்தாவதாக வருகிறவர் தமக்கு முன்னால் எழுதிய ஒன்பது பேருடைய விவரங்களையும் படித்துவிட்டுத்தான் தம்முடையதை எழுதுகிறார். தனிப்பட்ட தகவலைக் காப்பது எப்படி என்று கற்பிக்கும் நிகழ்ச்சி இப்படித் தொடங்கினால், பிறகு மேடையில் சொல்வது எதுவும் மனத்தில் நிற்காது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகளின்படி, சட்டம் கேட்டாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்களும் சங்கங்களும் அடையாள அட்டை எண்ணைப் பொதுவாகச் சேகரிக்கக் கூடாது. வேலை அனுமதி எண்ணுக்கும் கடப்பிதழ் எண்ணுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. முப்பது பேருக்குத் தேநீர் கொடுத்துப் பாடம் சொல்வதற்கு அந்த எண் எதற்கு? எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை தெரிந்தால் போதும். மறுபடியும் கூப்பிட விரும்பினால், விருப்பமுள்ளவர் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் தம் தொலைபேசி எண்ணை எழுதிப் பெட்டியில் போடட்டும். எதற்காகக் கேட்கிறோம், எப்போது கிழித்துப் போடுவோம் என்பதை அந்தப் பெட்டியின் மீதே எழுதி ஒட்டுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் சாரமே இதுதான்: நோக்கத்தைச் சொல், சம்மதத்தைக் கேள், தேவை முடிந்ததும் வைத்திருக்காதே. இதை உரையாகச் சொன்னால் பத்து நிமிடம் ஆகும். பெட்டியைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

புகைப்படமும் அப்படித்தான். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால், தாம் இங்கே வந்தது முதலாளிக்கோ முகவருக்கோ தெரிய வேண்டாம் என்று நினைக்கும் ஊழியர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர் எழுந்து மறுப்புச் சொல்லமாட்டார், இனி வராமல் இருந்துவிடுவார். ஆகையால், படம் எடுப்பதே இல்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படி அண்டை அயலார் கூடி ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் வழக்கத்துக்கு இணைய உலகில் ஒரு வரலாறு உண்டு. 2012 ஆகஸ்டில், ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இணையக் குற்றம் தொடர்பான சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றிய வேளையில், ஆஷர் உல்ஃப் என்பவர் டுவிட்டரில் தொடங்கிய ஓர் உரையாடலிலிருந்து 'கிரிப்டோபார்ட்டி' என்ற முயற்சி பிறந்தது. மறையாக்கம் செய்வது, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது எப்படி என்பதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இலவசமாக, யாரும் வரக்கூடிய இடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படை. சில வாரங்களிலேயே அது பல நாட்டு நகரங்களுக்குப் பரவியது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருள்களின் பட்டியலை அன்று, உட்கார்ந்திருக்கும் முறையை. அங்கே மேடை கிடையாது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, அவரவர் கருவியை அவரவர் கையில் வைத்துக்கொண்டு கற்கிறார்கள்.

அவரவர் கையில் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் தொண்டூழியராகப் போயிருந்த ஒரு நிகழ்ச்சியில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, நீயே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடு" என்றார். நானும் நல்லது செய்வதாக நினைத்து வாங்கி, ஐந்து நிமிடத்தில் எல்லா அமைப்புகளையும் மாற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. உதவ வந்தவன் என்று ஒருவன் சொன்னதும் தொலைபேசியைத் திறந்து கொடுத்துவிடலாம் என்ற பழக்கத்தை அன்று அவருக்கு நானே உறுதிப்படுத்தியிருந்தேன். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கும் மோசடிக்காரருக்கு வேண்டியதும் அதே பழக்கம்தான். அன்றிலிருந்து, எவ்வளவு நேரம் ஆனாலும் கற்பவரின் கருவியைத் தொடுவதில்லை. விரலால் சுட்டிக் காட்டுவேன், அழுத்துவது அவர். உங்கள் தொண்டூழியர்களுக்கு நீங்கள் விதிக்கும் முதல் விதியாக இது இருக்கட்டும்.

இப்போது எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் 2020 முதல் மின்னிலக்கத் தூதர்கள் முதியோருக்குத் திறன்பேசிப் பயன்பாட்டைக் கற்பித்து வருகிறார்கள். அங்கே கிடைப்பதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. நம் மக்கள் நாள் முழுவதும் புழங்குவது வாட்ஸ்அப்பில் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். அதில் நாம் அனுப்பும் செய்தி 2016 முதல் இரு முனைகளுக்கு இடையே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. எனவே, வழியில் ஒருவர் படித்துவிடுவார் என்பதைவிட, கணக்கையே ஒருவர் கைப்பற்றிவிடுவார் என்பதுதான் அன்றாட ஆபத்து. கணக்கைப் புதிய கருவியில் திறக்கக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை, தெரிந்த நண்பரின் பெயரிலிருந்தே ஒருவர் கேட்டு வாங்கிவிடுகிறார். அந்த நண்பரின் கணக்கு ஏற்கனவே பறிபோயிருக்கும். இதற்கு 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற அமைப்பில் சொந்தமாக ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்வதும், 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற பகுதியைத் திறந்து, தமக்குத் தெரியாத கணினி ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் போதுமான தொடக்கம். விளக்கம் தமிழில் இருக்கட்டும், ஆனால் திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயரை அப்படியே சொல்லுங்கள். அழகான தமிழ்ச் சொல்லாக மாற்றிச் சொன்னால், வீட்டுக்குப் போய் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பார்கள்.

அடுத்தது, ஆண்ட்ராய்டு தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கானது. 2023இல் இங்கே பரவலாக நடந்த மோசடி ஒன்று, வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை, மலிவான உணவு என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்து, பணம் செலுத்த ஒரு செயலியை இறக்கச் சொல்லும். அது பிளே ஸ்டோரில் இருக்காது; வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும். நிறுவியதும் 'ஆக்ஸசிபிலிட்டி' அனுமதியைக் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக உருவாக்கப்பட்ட அந்த அனுமதி, திரையைப் படிக்கவும் பயனருக்குப் பதிலாக அழுத்தவும் செயலிக்கு அதிகாரம் தருகிறது. வங்கிச் செயலியின் மறைச்சொல் போவது அந்த வழியாகத்தான். அந்த அமைப்பைத் திறந்து, எந்தச் செயலிகளுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். முதலில் வங்கியின் மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கணக்கை முடக்க வேண்டும், பிறகு காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். மோசடியா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் இருந்தால், 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் எந்நேரமும் கிடைக்கும். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல் என்பதால், ஏமாந்தவர்கள் முட்டாள்கள் என்ற தொனி அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வெட்கப்பட்டவர் வங்கியை அழைக்கத் தாமதிப்பார், அந்தத் தாமதத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது.

விடுதி ஊழியர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சில நூறு வெள்ளி தருகிறோம், உன் சிங்பாஸ் விவரத்தையோ வங்கி அட்டையையோ கொடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிங்பாஸ் என்பது இங்கே அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் மின்னிலக்க அடையாளக் கணக்கு. ஊருக்குத் திரும்பப்போகிறவர், இனி இந்தக் கணக்கு எதற்கு என்று கொடுத்துவிடுகிறார். அந்தக் கணக்கின் வழியாக மோசடிப் பணம் போனால் அவர் விசாரணைக்கு ஆளாவார். கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, குற்றத்துக்குத் துணைபோகும் வகையில் சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பதே தனிக் குற்றமாக்கப்பட்டுள்ளது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

உரிமைகள் பகுதியைத்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகள் விட்டுவிடுகின்றன. அதனால் நம் மக்கள் மின்னிலக்கப் பாதுகாப்பு என்றாலே பயப்பட வேண்டிய ஒன்று என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். ஒரு துணைப்பாட நிலையமோ காப்பீட்டு முகவரோ உங்கள் தகவலை வைத்திருந்தால், என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் 2012இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். நிகழ்ச்சியில் எல்லாருமாகச் சேர்ந்து அத்தகைய ஒரு மின்னஞ்சலை எழுதிப் பாருங்கள். நான்கு வரி போதும். அதே வேளையில், இந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பதையும், அவற்றுக்கு வேறு விதிகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கேயும் மக்கள் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு, கொவிட் காலத்தில் தொற்றுத் தொடர்புகளைக் கண்டறியப் பயன்பட்ட அரசாங்கச் செயலியான டிரேஸ்டுகெதர் ஓர் எடுத்துக்காட்டு. அதன் தகவலைக் குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது பலர் கவலை தெரிவித்தார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது.

யார் சொல்லிக்கொடுப்பது என்றால், நிபுணர் தேவையில்லை. ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆறு தொண்டூழியர்கள் போதும். உங்கள் புளோக்கிலேயே பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விற்பனைக்கு எதையாவது கொண்டுவரும் நிறுவனம் இலவசமாக வந்து பேசுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நேரம் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே ஆட்களை ஒருமுறை மறுபடியும் கூட்டுங்கள். ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வைத்த ரகசிய எண்ணை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தச் செயலியே அவ்வப்போது அதைக் கேட்கும். யாரிடமும் எண்ணைச் சொல்லாதே என்று உங்களிடம் நன்றாகக் கற்றுக்கொண்ட பாட்டி, அதைப் பார்த்ததும் மோசடி என்று பயந்து தொலைபேசியை அணைத்து வைத்துவிடுவார். செயலியைத் திறந்ததும் அதற்குள்ளேயே கேட்பது வேறு, இன்னொருவர் செய்தி அனுப்பியோ அழைத்தோ கேட்பது வேறு என்பதை, இரண்டாவது சந்திப்பில் அவர் கையிலிருக்கும் அந்தத் திரையையே வைத்து அவருக்குக் காட்டுங்கள்.