கடல் தண்ணீரே மருந்து! படகுக் கழிவறைக்கு எந்தக் கருவி?

[காட்சி: பாம்பன் குந்துகால், விடியற்காலை. வரிசையாக விசைப்படகுகள்.]

உங்கள் படகைச் சுற்றிக் கிடக்கிற உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சினால், மலத்தில் இருக்கிற கிருமி சில நிமிடங்களில் செத்துப்போகும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், மருந்து டப்பா வேண்டாம். அது எப்படி என்று இப்போது பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நம் மன்னார் வளைகுடாக் கரையை ஒட்டி 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல். 1986-லிருந்து தேசியப் பூங்கா. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் பாசி எடுக்க முங்குகிற தண்ணீர் இது. நம் கழிவு அவர்கள் முகத்தில் படக்கூடாது.

சரி, கருவிக்கு வருவோம். கழிவு முதலில் ஓர் அறைக்குள் போகும். அங்கே சுழலும் பிளேடு அதை மிக்ஸியில் அடித்த மாதிரி கூழாக்கும். உள்ளே டைட்டானியத் தகடுகள் இருக்கும். பேட்டரி கரண்ட் அதில் பாயும்போது, உப்பில் இருக்கிற குளோரின் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகும். கிருமியைக் கொல்வது அதுதான். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஏரியில் படகு ஓட்டுகிறவர்கள் இதே கருவிக்கு உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும். நமக்கோ வாலிநோக்கம் உப்பளத்தில் விளைகிற அதே உப்பு, படகைச் சுற்றிச் சும்மா கிடக்கிறது! இன்னொன்று கேளுங்கள்: வேலை முடிந்ததும் அந்தக் குளோரினில் பெரும்பகுதி திரும்பவும் உப்பாகவே மாறிவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த கருவி கிடையாது.

வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதிப்படி முதல் வகைக் கருவி என்றால், வெளியேறும் 100 மில்லி தண்ணீரில் குடல் பாக்டீரியா 1000-க்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டாம் வகைக்கு 200. எந்த வகை என்று கடைக்காரர் சொல்லட்டும்.

ஆனால் கிருமி செத்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் சாகாது. அது பாசிக்கு உரம். பவளத்தின் மேல் பாசி படர்ந்தால் பவளம் மூச்சுமுட்டிப் போகும். அதனால் இந்தக் கருவி இருந்தாலும் தீவுப் பக்கம் திறந்துவிடாதீர்கள். பன்னாட்டுப் பயணம் போகிற பெரிய கப்பல்களுக்கு ஒரு விதி இருக்கிறது: அரைத்துக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அரைக்காமல், கிருமி நீக்காமல் அப்படியே விடுவதென்றால் 12 கடல் மைல் தாண்டி, 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் படகு அந்தக் கணக்கில் வராது. வராவிட்டாலும் அதையே நாம் அளவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அடுத்த வழி, கழிவைக் கரை சேரும்வரை அடைத்து வைக்கிற சேமிப்புத் தொட்டி. எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து முறை, முறைக்கு 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 80 லிட்டர். பத்து நாள் தங்கல் என்றால் 800 கிலோ சுமை. மீனுக்கு இடம் எங்கே? தொட்டிதான் என்று முடிவு செய்தால், கரையில் அதை உறிஞ்சி எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காற்றுக்குழாயை அகலமாகப் போடுங்கள், நாற்றம் குறையும்.

அப்புறம் உலர் கழிவறை. சிறுநீர் தனி, மலம் தனி. மலத்தின் மேல் தென்னை நார்த்தூள். வெளிநாட்டுப் பாய்மரப் படகுக்காரர்கள் காசு கொடுத்துக் கட்டியாக வாங்குகிற அதே தூள், நம் ஊர்க் கயிறு ஆலைகளில் மலைபோல் குவிந்து கிடக்கிறது! கரண்ட் தேவையில்லை, கடலில் எதுவும் விழாது.

தீவுப் பக்கம் சுற்றுலா ஓட்டுகிற சின்னப் படகா? உலர் கழிவறை போடுங்கள். ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்குகிற படகா? உப்புத்தண்ணீர்க் கருவி, கூடவே கரையோரத்துக்கு மட்டும் ஒரு சிறிய தொட்டி.

அண்ணன்மாரே, உங்கள் படகில் எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல், பேட்டரி எத்தனை வோல்ட் என்று கமெண்டில் எழுதுங்கள். தொட்டி அளவைக் கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் பதில் தருகிறேன்.