நெல் வரவுக்கு ஒரு ஸ்டோர்ட் புரொசீஜர்: மையெஸ்கியூஎல்லில எழுதிப் பாப்பம்

[திரை: நெல் களஞ்சியம் ஒண்டு. தராசு, அடுக்கின மூடையள், மேசையில லப்டொப்.]

வணக்கம். காலபோக அறுவடை தொடங்கினால் கிளிநொச்சியில பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் நெல் வாங்கிற இடங்களில ரக்டர் பெட்டியள் றோட்டு வரைக்கும் வரிசையில நிக்கும். தராசடியில ஒருத்தர் கிலோவைச் சொல்லுவார், இன்னொருத்தர் ஈரமானியைப் பாத்து ஈரத்தைச் சொல்லுவார், மேசையில இருக்கிற பிள்ளை லப்டொப்பில பதியும்.

அந்த ஒரு பதிவுக்குத் தரவுத்தளத்துக்குள்ள இரண்டு வேலை நடக்கவேணும். வரவுகள் அட்டவணையில ஒரு வரி சேரவேணும். விவசாயிகள் அட்டவணையில அந்த ஆளுக்குக் குடுக்கவேண்டிய நிலுவை கூடவேணும். முதலாவது முடிஞ்ச கையோட கரண்ட் போனால்? நெல்லு உள்ள, காசு கணக்கில இல்லை. காசு எடுக்க வாற அண்டைக்குத்தான் பிரச்சினை வெளிக்கும்.

இதுக்குத்தான் ஸ்டோர்ட் புரொசீஜர். சேர்ந்து நடக்கவேண்டிய கட்டளையளை ஒரு பெயருக்குக் கீழ தரவுத்தளத்துக்குள்ளயே எழுதி வைக்கிறம். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சரி. லப்டொப்பில இருந்து கூப்பிட்டாலும், ஃபோன் செயலியில இருந்து கூப்பிட்டாலும் ஓடுறது ஒரே விதிதான்.

நான் பாவிக்கிறது மையெஸ்கியூஎல் எண்டுற தரவுத்தள மென்பொருள். அதுக்குள்ள இந்த வசதி 2005இல வந்த 5.0 பதிப்போட வந்தது. போஸ்ட்கிரெஸ் எண்டுற இன்னொரு தரவுத்தள மென்பொருளில, இதைப்போல ஃபங்ஷன் எண்டது நெடுக இருந்தாலும், புரொசீஜர் எண்டு தனியா வந்தது 2018இல, 11ஆம் பதிப்பில. ஃபோன் செயலியளுக்குள்ள இருக்கிற எஸ்கியூலைட்டில இது கிடையவே கிடையாது, அங்க தேடி மினக்கெடாதேங்கோ.

[திரை: மையெஸ்கியூஎல் கட்டளைத் திரை.]

கட்டளைச் சொற்களை வாசிக்கிறபடி தமிழ் எழுத்தில தாறன், நீங்கள் அடிக்கேக்க அதுகளை ஆங்கிலத்தில அடியுங்கோ. அட்டவணைப் பெயர்களைத் தமிழிலயே வைச்சிருக்கிறன். மையெஸ்கியூஎல் ஏற்கும். வேலை செய்யிற இடத்தில ஆங்கிலத்தில வை எண்டால் வையுங்கோ, அதுக்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

முதல் வரி:

டிலிமிட்டர் $$

கனபேர் முழிக்கிறது இந்த இடத்தில. வழமையா அரைப்புள்ளியைக் கண்டால் கட்டளை முடிஞ்சுது எண்டு திரை எடுத்து அனுப்பிப்போடும். எங்கட புரொசீஜருக்குள்ளயே பத்துக்கு மேல அரைப்புள்ளி வரும். முதலாவதிலயே வெட்டி அனுப்பினால் பிழைச் செய்திதான் வரும். அதால, முடிவுக்குறி இரண்டு டொலர் எண்டு தற்காலிகமா மாத்திறம். உலாவிக்குள்ள மையெஸ்கியூஎல்லை ஓட்டிற பிஎச்பிமையட்மினில அதுக்கெண்டு கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கு.

அடுத்தது:

கிரியேட் புரொசீஜர் நெல்_வரவு (
இன் உள்_இலக்கம் இன்ட்,
இன் உள்_கிலோ டெசிமல்(10,2),
இன் உள்_ஈரம் டெசிமல்(4,1) )
பிகின்

விவசாயி இலக்கம், கிலோ, ஈரம். வெளியில இருந்து வாறது இந்த மூண்டும்தான். கிலோவுக்கு, எண்ணைக் கிட்டத்தட்ட வைக்கிற ஃப்ளோட் போடாமல், சரியா வைக்கிற டெசிமல் போட்டதைக் கவனியுங்கோ. காசோட பெருகப்போற எண்ணில தசம வித்தியாசம் வரக்கூடாது.

விலையை வெளியில இருந்து எடுக்கேல்லை. பதியிற பிள்ளை அவசரத்தில ஒரு பூச்சியத்தைக் கூடத் தட்டினால் போச்சு. விலை_அட்டவணையில கடைசித் திகதிக்குரிய விலையை புரொசீஜரே எடுக்கட்டும்:

டிக்ளேர் இன்றைய_விலை டெசிமல்(10,2);

டிக்ளேர் எல்லாம் பிகினுக்கு அடுத்ததா, மேல நிக்கவேணும். நடுவில போட்டால் ஏற்காது. அதோட சேர்த்து இதையும் மேலயே போடுறம்:

டிக்ளேர் எக்ஸிட் ஹாண்ட்லர் ஃபோர் எஸ்கியூஎல்எக்செப்ஷன்
பிகின் ரோல்பாக்; ரீசிக்னல்; எண்ட்;

எங்கயாவது பிழை வந்தால் செய்ததெல்லாத்தையும் திருப்பி எடு, பிறகு அந்தப் பிழையைக் கூப்பிட்ட ஆளுக்கே சொல்லு. ரீசிக்னல் இல்லாட்டி ரோல்பாக் சத்தமில்லாமல் நடந்து முடிஞ்சிடும், மேசையில இருக்கிற பிள்ளை பதிஞ்சிட்டுது எண்டு நினைக்கும்.

இனி விதி. அரசாங்கத்துக்கு நெல் வாங்கிற நெல் சந்தைப்படுத்தும் சபையின்ர எல்லை 14 சதவீத ஈரம். நாங்களும் அதையே வைப்பம்:

இஃப் உள்_ஈரம் > 14 தென்
சிக்னல் எஸ்கியூஎல்ஸ்டேட் '45000'
செட் மெசேஜ்_டெக்ஸ்ட் = 'ஈரம் கூட';
எண்ட் இஃப்;

45000 எண்டுறது நாங்களா எழுப்பிற பிழைக்கு ஒதுக்கின இலக்கம். 14.5 எண்டு அடிச்சால் பதிவு அந்த இடத்திலயே நிக்கும். நெல்லு திரும்ப றோட்டோரத்தில காயப்போகும்.

[திரை: மீதிக் கட்டளையள் ஒவ்வொரு வரியா.]

ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷன்;
செலக்ட் கிலோ_விலை இன்டூ இன்றைய_விலை ஃப்ரம் விலை_அட்டவணை ஓடர் பை திகதி டெஸ்க் லிமிட் 1;
இன்சேர்ட் இன்டூ வரவுகள் (விவசாயி, கிலோ, ஈரம், விலை) வல்யூஸ் (உள்_இலக்கம், உள்_கிலோ, உள்_ஈரம், இன்றைய_விலை);
அப்டேட் விவசாயிகள் செட் நிலுவை = நிலுவை + உள்_கிலோ * இன்றைய_விலை வேர் இலக்கம் = உள்_இலக்கம்;

ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷன் எண்டால் இனி வாற மாற்றமெல்லாம் ஒரே கட்டு, கொமிட் எண்டு சொல்லுமட்டும் நிரந்தரமாகாது. இந்தக் கடைசி வரியில கொஞ்சம் நிப்பம். எல்லாத்துக்கும் முன்னால ஏன் "உள்_" எண்டு ஒட்டினனான்? அதில்லாமல் வெறும் இலக்கம் எண்டு வைச்சிருந்தால் கடைசிப் பகுதி இப்பிடி வரும்: வேர் இலக்கம் = இலக்கம். ஒண்டு அட்டவணையில இருக்கிறது, மற்றது நாங்கள் குடுத்தது எண்டு எங்களுக்கு விளங்கும். மையெஸ்கியூஎல்லுக்கு விளங்காது. இரண்டையும் நாங்கள் குடுத்த இலக்கமாத்தான் அது எடுக்கும். 7 சமன் 7. எந்த வரிக்கும் அது உண்மைதானே. ஒரு ஆள் கொண்டுவந்த நெல்லுக்கு, பேரேட்டில இருக்கிற எல்லாருக்கும் நிலுவை ஏறிடும். பிழைச் செய்தி ஒண்டும் வராது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்டு இருக்கு. இல்லாத இலக்கத்தை அடிச்சால் அப்டேட் ஒரு வரியையும் தொடாது, அதுக்கும் பிழை சொல்லாது. இரண்டையும் ஒரே சோதனையால பிடிக்கலாம்:

இஃப் ரோ_கவுண்ட்() <> 1 தென்
சிக்னல் எஸ்கியூஎல்ஸ்டேட் '45000'
செட் மெசேஜ்_டெக்ஸ்ட் = 'விவசாயி இலக்கம் பிழை';
எண்ட் இஃப்;
கொமிட்;
எண்ட் $$
டிலிமிட்டர் ;

ரோ_கவுண்ட் கடைசிக் கட்டளை எத்தினை வரியை மாத்தினது எண்டு சொல்லும். மாறினது சரியா ஒரு வரியா இருக்கவேணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ரோ_கவுண்ட் அப்டேட்டுக்கு அடுத்த வரியில நிக்கவேணும். இடையில வேற கட்டளை புகுந்தால் அதின்ர கணக்கைத்தான் சொல்லும். கொமிட்டுக்கு முதல் கரண்ட் போனாலும் பயமில்லை. அட்டவணையள் இன்னோடிபி எண்டுற சேமிப்பு வகையா இருந்தால், திரும்ப மெஷின் எழும்பேக்க அரைகுறையா நிண்டதை அதுவே துடைச்சுவிடும்.

[திரை: கால் நெல்_வரவு(7, 640, 13.5);]

கூப்பிடுவம். விலை_அட்டவணையில உதாரணத்துக்குக் கிலோ 100 ரூபா வைச்சிருக்கிறன். ஏழாம் இலக்கக்காரருக்கு நிலுவையில 64,000 ஏறியிருக்கு. வரவுகளில ஒரு வரி. இனி 7, 640, 15 எண்டு அடிச்சுப் பாருங்கோ: ஈரம் கூட. அட்டவணை அசையேல்லை.

அறுவடைக்கு மட்டும் வேலைக்கு எடுக்கிற பிள்ளையளுக்கு அட்டவணையளைத் தொடுற உரிமையே குடுக்கத் தேவையில்லை. இந்தப் புரொசீஜரை ஓட்ட எக்ஸிக்யூட் உரிமை காணும். நீங்கள் வேற விதமாச் சொல்லாட்டி, எழுதின ஆளின்ர உரிமையோடதான் அது ஓடும். அதனால எழுதிற ஆளின்ர கணக்கை, எல்லா உரிமையும் இருக்கிற ரூட்டாக வைக்காதேங்கோ.

எல்லாத்தையும் இதுக்குள்ள திணிக்கவும் வேண்டாம். பற்றுச்சீட்டு அச்சிடுறது, குறுஞ்செய்தி அனுப்பிறது எல்லாம் செயலியின்ர வேலை. கணக்குப் பிழைக்கக்கூடாத இடத்துக்கு மட்டும் புரொசீஜர், இது என்ர அபிப்பிராயம்.

திருத்த வேணுமெண்டால் டிராப் புரொசீஜர் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் போட்டுத் திரும்ப எழுதவேணும். உள்ள இருக்கிறதைப் பாக்க ஷோ கிரியேட் புரொசீஜர் நெல்_வரவு. இரவில மையெஸ்கியூஎல்டம்ப் எண்டுற பிரதி எடுக்கிற கட்டளையால பிரதி எடுக்கிற ஆக்கள் இன்னொண்டு கவனிக்கவேணும்: அது தானா அட்டவணையளை எடுக்கும், புரொசீஜரை விட்டிடும். கட்டளையோட --ரூட்டின்ஸ் எண்டு சேர்த்து, எடுத்த கோப்பைத் திறந்து நெல்_வரவு அதுக்குள்ள இருக்கோ எண்டு ஒருக்கால் தேடிப் பாருங்கோ.