கேட்கத் தெரிந்த நடிகர்

அவையோருக்கு வணக்கம். புரூனோ கான்ஸ் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நிலவறையில் தளபதிகளை நிற்கவைத்து ஹிட்லர் கத்துவாரே, அந்தக் காட்சிக்குக் கீழே தேர்தல் தோல்வி, கிரிக்கெட் தோல்வி என்று ஆளாளுக்கு வசனம் எழுதி இணையத்தில் உலவவிட்டார்களே, அந்த ஹிட்லராக நடித்தவர்தான் அவர். கத்தலால் உலகப் புகழ் பெற்ற அந்த மனிதரின் பலம் தொண்டையில் இல்லை, காதில் இருந்தது என்பது என் கட்சி.

1941இல் சூரிச்சில் பிறந்தவர். தந்தை சுவிஸ்காரர், தாய் இத்தாலியர். 1970இல் இயக்குநர் பீட்டர் ஸ்டைனோடு சேர்ந்து பெர்லினில் ஷாபியூனே நாடகக் குழுவைக் கட்டியெழுப்பினார். எதையும் கூடிப் பேசியே முடிவெடுத்த குழு அது. அடுத்த ஆண்டு நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பெயர் கிந்த்’ நாடகத்தை மேடையேற்றியபோது கதாநாயகன் வேடத்தை ஆறு நடிகர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். கான்ஸ் அறுவரில் ஒருவர். நம்மூர்க் கதாநாயகர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்! முன்னால் நடித்தவர் விட்ட இடத்தைக் கூர்ந்து கவனிக்காமல் அந்த வேடத்தை ஏற்க முடியாது.

1987இல் வெண்டர்ஸ் இயக்கிய ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ படத்தில் அவர் தேவதூதர் தாமியேல். அந்தத் தூதரின் வேலையே கேட்பதுதான். பெர்லின் நூலகத்தில் படிப்பவர்களின் மனக்குரல்களைக் கேட்கிறார். அந்தக் காட்சிகளில் கான்ஸ் ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை. தலையைச் சற்றுச் சாய்க்கிறார், அவ்வளவுதான். பிறகு மனிதனாகி, வழியில் போகிறவரிடம் நிறங்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது அந்த முகத்தில் வரும் குதூகலம் தனி.

2004இல் அவர் ஹிட்லராக நடித்த ‘டவுன்ஃபால்’. ஹிட்லரின் மேடைப் பேச்சுகளை உலகமே கேட்டிருக்கிறது. கான்ஸ் தேடிக் கேட்டது வேறொன்று. 1942இல் பின்லாந்தில் அந்நாட்டுப் படைத்தலைவர் மன்னர்ஹைமோடு ஹிட்லர் சாதாரணமாகப் பேசியதை ஒரு வானொலிப் பொறியாளர் இரகசியமாகப் பதிவுசெய்தார்; சுமார் 11 நிமிடம். தணிந்த, களைத்த குரல். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கை நடுக்கத்துக்காக மருத்துவமனைக்குச் சென்று பார்கின்சன் நோயாளிகளைக் கவனித்தார். அந்தத் தணிந்த குரல் இருப்பதால்தான் கத்தல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

படத்தை எல்லோரும் மெச்சவில்லை. அவரைத் தேவதூதராக்கிய வெண்டர்ஸே கண்டித்து எழுதினார்: படத்துக்கு என்று ஒரு நிலைப்பாடு இல்லையாம், ஹிட்லரின் சாவைக் காட்டாமல் மறைத்துவிட்டதாம். அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குறை படத்தைச் சேருமே தவிர நடிகரைச் சேராது என்பேன்.

ஜெர்மன் மொழி நாடக உலகில் தலைசிறந்த நடிகருக்கு உரிய இஃப்லாண்ட் மோதிரம் என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவரே தமக்குப் பின் அணியத் தகுந்தவரை எழுதிவைக்க வேண்டும். 1996இல் அது கான்ஸிடம் வந்தது. அவர் அதை நடிகர் கெர்ட் ஃபாஸுக்குத் தர நினைத்தார். 2014இல் ஃபாஸ் முந்திக்கொண்டு போய்விட்டார். 2019இல் கான்ஸும் மறைந்தபின் மோதிரம் நடிகர் யென்ஸ் ஹார்ட்ஸரிடம் சென்றது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால் ஹிட்லரை விட்டுவிடுங்கள். 2000இல் வந்த ‘பிரெட் அண்ட் டியூலிப்ஸ்’ பாருங்கள். அதில் கான்ஸ் வெனிஸில் வாழும் ஓர் ஐஸ்லாந்துக்காரர், உணவக ஊழியர். ஏட்டில் படித்தது போன்ற பழைய இத்தாலிய மொழியில் மரியாதையாகப் பேசுவார். அதற்கு இத்தாலியில் சிறந்த நடிகர் விருதையே கொடுத்தார்கள்.